பூனை, ஆட்டுக்கறி, ஊற்றுத் தண்ணீர்: டாக்ஸோபிளாஸ்மோசிஸ் பற்றி ராமநாதபுரம் கடற்கரையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தொண்டியிலிருந்து சாயல்குடி வரை, ராமேசுவரம் தீவையும் சேர்த்து, கடலோர ஊர்களில் கர்ப்பிணிகளும் மீனவக் குடும்பங்களும் ஆடு வளர்ப்பவர்களும் கேட்கக்கூடிய கேள்விகளுக்கான பதில்கள் இவை. இந்த நோயின் பெயரைப் பலரும் முதன்முதலில் பார்ப்பது ஒரு ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டில்தான். பார்த்ததும் பயம் வந்துவிடுகிறது. அதனால் ரிப்போர்ட்டை எப்படிப் புரிந்துகொள்வது என்பதற்கு இங்கே கூடுதல் இடம் கொடுத்திருக்கிறோம்.

டாக்ஸோபிளாஸ்மோசிஸ் என்றால் என்ன?

டாக்ஸோபிளாஸ்மா கோண்டி என்ற ஒட்டுண்ணியால் வரும் தொற்று. ஒரே செல்லால் ஆன உயிர், கண்ணுக்குத் தெரியாது. இது குடற்புழு வகையைச் சேர்ந்ததில்லை. எனவே பள்ளிக்கூடத்தில் கொடுக்கும் பூச்சி மாத்திரை இதை ஒன்றும் செய்யாது. 1908-இல் துனிசியாவில் நிக்கோல், மான்சோ என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஒரு கொறிவிலங்கின் உடலில் இதைக் கண்டார்கள். அதே ஆண்டு பிரேசிலில் ஸ்ப்ளெண்டோரே முயலில் கண்டார். பூனைக்கு இதில் என்ன பங்கு என்று தெளிவாக இன்னும் அறுபது ஆண்டுகள் ஆயின.

உலக மக்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் உடலில் இது இருக்கலாம் என்று மதிப்பிடுகிறார்கள். பெரும்பாலோருக்கு வந்ததும் தெரியாது, அடங்கியதும் தெரியாது. எதிர்ப்பு சக்தி அதை அடக்கிவிடும். ஒட்டுண்ணி தசையிலும் மூளையிலும் மிகச் சிறிய கூடுகளாக ஆயுள் முழுக்கத் தூங்கிக் கிடக்கும்.

யாருக்குத்தான் இது ஆபத்து?

மூன்று பேருக்கு. கர்ப்ப காலத்தில் முதன்முறையாக இந்தத் தொற்றைப் பெறும் பெண்ணின் வயிற்றில் இருக்கும் குழந்தைக்கு. எச்.ஐ.வி., உறுப்பு மாற்று அறுவை, புற்றுநோய் மருந்து ஆகியவற்றால் எதிர்ப்பு சக்தி குறைந்தவர்களுக்கு. கண்ணின் விழித்திரையில் தொற்று வந்தவர்களுக்கு. இந்த மூன்றிலும் சேராதவர் இதை நினைத்துத் தூக்கம் கெட வேண்டியதில்லை.

எப்படி உடலுக்குள் வருகிறது?

வாய் வழியாகத்தான். பூனையின் மலத்தில் வெளியேறும் முட்டை போன்ற நுண்ணிய வித்துகள் மண்ணிலோ தண்ணீரிலோ காய்கறியிலோ ஒட்டிக்கொண்டு வரலாம். அல்லது ஆடு, பன்றி போன்ற விலங்குகளின் தசையில் தூங்கும் கூடுகள், சரியாக வேகாத கறி வழியாக வரலாம். தாயிடமிருந்து நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்குப் போகும். உறுப்பு மாற்று அறுவையிலும், மிக அரிதாக ரத்தம் ஏற்றும்போதும் வந்ததுண்டு. தொட்டால், இருமினால், ஒரே தட்டில் சாப்பிட்டால் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு வராது.

மருமகள் மாசமாக இருக்கிறாள். வீட்டில் மூன்று பூனை. விரட்டிவிட வேண்டுமா?

வேண்டாம். பூனையின் முடியைத் தொட்டதால், மடியில் படுக்க வைத்ததால் இந்தத் தொற்று வருவது மிக அபூர்வம்.

பூனை தன் வாழ்நாளில் பெரும்பாலும் முதல் முறை தொற்று வரும்போது மட்டும்தான் வித்துகளை வெளியேற்றும். அதுவும் ஒன்றிலிருந்து மூன்று வாரம் வரைதான். எலி, பறவை பிடித்துத் தின்னப் பழகும் குட்டிப் பூனைகளுக்கே இது அதிகம் நடக்கும். இன்னொன்று முக்கியம்: புதிதாக வெளிவந்த வித்து உடனே தொற்றாது. வெளிக்காற்றில் ஒரு நாள் முதல் ஐந்து நாள் வரை இருந்து முதிர்ந்த பிறகுதான் அதற்கு அந்தச் சக்தி வரும். ஆகவே பூனை கழித்த இடத்தைத் தினமும் சுத்தம் செய்தாலே ஆபத்தில் பெரும்பகுதி போய்விடும். அந்த வேலையை மகனோ மாமனாரோ செய்யட்டும், கர்ப்பிணி செய்ய வேண்டாம். வேறு ஆளே இல்லையென்றால் கையுறை போட்டுச் செய்துவிட்டு சோப்புப் போட்டுக் கை கழுவட்டும்.

பூனைக்குப் பச்சை மீன் போடலாம். பச்சைக் கறித்துண்டு போடாதீர்கள், வேகவைத்துப் போடுங்கள். பிரசவம் முடியும் வரை புதுக் குட்டி எதையும் வீட்டுக்குள் கொண்டுவர வேண்டாம்.

மீன் இறங்குதளத்தில் எப்போதும் பூனைக் கூட்டம். மீனிலும் கருவாட்டிலும் இது இருக்குமா?

இந்த ஒட்டுண்ணி குடியேறுவது வெப்ப ரத்தப் பிராணிகளின் உடலில். மீனின் தசையில் கூடு கட்டாது. மீன்குழம்பு, பொரித்த மீன், வறுத்த கருவாடு எதற்கும் பயப்பட வேண்டாம். கருவாடு மணலில் காயும்போது பூனைகள் அந்த மணலைக் கிளறத்தான் செய்யும். பரண் கட்டியோ வலைமேல் போட்டோ காய வைப்பது நல்லது. எப்படியானாலும் கழுவிச் சமைக்கும்போது அந்தக் கவலை தீர்ந்துவிடும்.

கவனிக்க வேண்டியது மட்டி, சிப்பி வகைகள். அவை கடல்நீரை வடிகட்டி இரை எடுப்பதால், மழைநீரோடு கரையிலிருந்து அடித்துவரப்பட்ட வித்துகளைத் தமக்குள் சேர்த்துக்கொள்ளும். கடல்நீரின் உப்பு வித்துகளைக் கொல்லாது. கலிபோர்னியா கடற்கரையில் கடல் நீர்நாய்கள் இந்த நோயால் செத்ததை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். தரையில் பூனை கழித்தது கடல் பிராணிவரை போய்ச் சேர்ந்திருக்கிறது. மட்டியைப் பச்சையாகவோ ஓடு திறந்த உடனேயோ தின்னாமல், நன்றாக வேகவைத்துச் சாப்பிடுங்கள்.

பிரியாணி, சுவரொட்டி (ஆட்டு மண்ணீரல்), ஈரல்?

வெந்த பிரியாணியில் ஒன்றும் இல்லை. கறியின் உள்பகுதி 67 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடானால் கூடுகள் செத்துவிடும். நம் ஊர்க் குழம்பும் தம் பிரியாணியும் அதைத் தாண்டித்தான் வேகின்றன. ஆபத்து வேறு இடங்களில் இருக்கிறது. தணலில் வாட்டி உள்ளே சிவப்பாக இருக்கும்போதே எடுக்கும் சுவரொட்டி, “கொஞ்சம் உப்பு பார்க்கிறேன்” என்று வேகும் முன் நாக்கில் வைக்கும் கறித்துண்டு, கறி வெட்டிய பலகையிலேயே கழுவாமல் வெங்காயம் நறுக்குவது. கர்ப்பிணிக்குச் சத்து என்று அரைவேக்காட்டு ஈரலைக் கொடுக்கும் பழக்கம் சில வீடுகளில் இருக்கிறது. கொடுங்கள், ஆனால் முழுக்க வேகவைத்து.

உப்புக்கண்டம் நல்ல உணவுதான். உப்பும் வெயிலும் மட்டும் கூடுகளை உறுதியாகக் கொல்லும் என்று நம்ப முடியாது. பொரித்த பிறகே சாப்பிடுங்கள்.

மணலில் ஊற்று தோண்டித் தண்ணீர் எடுக்கிறோம். ஊரணித் தண்ணீரும் குடிக்கிறோம். பரவாயில்லையா?

இந்த மாவட்டத்தில் மிகவும் கவனம் தேவைப்படும் கேள்வி இது.

தனுஷ்கோடிப் பக்கம் மணலில் கையால் பள்ளம் பறித்து, கொட்டாங்கச்சியாலோ கிண்ணத்தாலோ மெல்ல மொண்டு குடத்தை நிரப்புவார்கள். கீழே ஊறும் நீரை மணலே வடிகட்டிக் கொடுக்கிறது. பிரச்சினை பள்ளத்தின் விளிம்பில் இருக்கிறது. பூனைக்கு உலர்ந்த, தளர்ந்த மணல் என்றால் விருப்பம், அங்கேதான் கழித்துவிட்டு மூடும். விளிம்பு மணல் சரிந்து நீரில் விழுந்தால் அதோடு வித்துகளும் விழும். ஈரமான மண்ணில் அவை ஓராண்டுக்கு மேலும் உயிரோடு இருக்கக்கூடியவை. ஊரணிக்கு வரும் மழைநீரும் ஊர் முழுக்கத் தரையைக் கழுவிக்கொண்டுதான் வருகிறது.

குளோரின் போட்டால் போதும் என்று நினைப்போம். குளோரின் வாந்திபேதிக் கிருமிகளைக் கொல்லும், அதற்கு அது தேவைதான். ஆனால் இந்த வித்தை அது கொல்லாது. கொதிக்க வைப்பதுதான் நிச்சயமான வழி. தளதளவென்று கொதி வந்து ஒரு நிமிடம் போனதும் இறக்கி, மூடி ஆறவைத்துக் குடிக்கலாம். விறகும் கேஸும் விலைக்கு வாங்கும் வீட்டில் எல்லாத் தண்ணீரையும் கொதிக்க வை என்று சொல்வது சுலபமில்லை என்பது தெரியும். குறைந்தது கர்ப்பிணிக்கும், எதிர்ப்பு சக்தி குறைந்தவருக்கும் குடிக்க மட்டும் தனியாக ஒரு பானை கொதிக்க வையுங்கள்.

இது வெறும் அச்சுறுத்தல் இல்லை. 1995-இல் கனடாவின் விக்டோரியா நகரில் குடிநீர்த் தேக்கம் மாசுபட்டு 100 பேருக்குத் தொற்று உறுதியானது. 2004-இல் நம் கோயம்புத்தூரிலேயே குறுகிய காலத்தில் நிறையப் பேர் இதே தொற்றால் கண் பாதித்து மருத்துவமனைக்கு வந்தார்கள். அப்போதும் சந்தேகம் குடிநீர் மேல்தான் விழுந்தது.

கீரை, கொத்தமல்லி?

ஓடும் தண்ணீரில் மண் போக அலசுங்கள். மஞ்சளும் உப்பும் வினிகரும் வித்தைக் கொல்லாது, அலசுவதுதான் அதை அகற்றும். பச்சையாகத் தின்னும் எதற்கும் இது பொருந்தும்.

வந்தால் என்ன அறிகுறி தெரியும்?

பெரும்பாலும் ஒன்றும் இல்லை. சிலருக்குக் கழுத்தில் நெறி கட்டும், வலி அதிகம் இருக்காது. லேசான காய்ச்சல், உடம்பு வலி, அசதி இருக்கலாம். சில வாரத்தில் தானாக அடங்கும். நெறி பல வாரம் அப்படியே இருந்தால் டாக்டரிடம் காட்டுங்கள், ஏனென்றால் காசநோய் உட்பட வேறு காரணங்களும் உண்டு.

ரிப்போர்ட்டில் “ஐ.ஜி.ஜி. பாசிட்டிவ்” என்று வந்திருக்கிறது. குழந்தைக்கு ஆபத்தா?

கையில் இருக்கும் தாளை எடுத்துப் பாருங்கள். டாக்ஸோபிளாஸ்மா என்ற தலைப்பின் கீழ் இரண்டு வரி இருக்கும்: ஐ.ஜி.ஜி., ஐ.ஜி.எம். இரண்டும் தொற்றை எதிர்க்க உடல் உண்டாக்கும் எதிர்ப்புப் புரதங்கள். பக்கத்தில் ஓர் எண், அதற்குப் பக்கத்தில் லேப் கொடுத்த வரம்பு.

ஐ.ஜி.ஜி. பாசிட்டிவ், ஐ.ஜி.எம். நெகட்டிவ் என்றால் தொற்று எப்போதோ பழைய காலத்தில் வந்து போய்விட்டது என்று பொருள். கர்ப்பத்தின் தொடக்கத்தில் இப்படி ரிப்போர்ட் வந்தால் அது பெரும்பாலும் நல்ல செய்தி. உங்கள் உடலில் ஏற்கெனவே எதிர்ப்பு இருக்கிறது, எதிர்ப்பு சக்தி சரியாக இருக்கும் பெண்ணின் குழந்தைக்கு இதனால் ஆபத்து ஏறக்குறைய இல்லை. எண் 80 ஆனாலும் 300 ஆனாலும் பொருள் அதுதான். எண் பெரிதாக இருப்பதால் நோய் பெரிது என்று ஆகாது. அதைக் “குறைக்க” மருந்தும் தேவையில்லை.

இரண்டும் நெகட்டிவ் என்றால் தொற்று இதுவரை வரவில்லை, இனி வரலாம். மேலே சொன்ன கறி, தண்ணீர், மண் கவனம் எல்லாம் முக்கியமாக உங்களுக்குத்தான்.

ஐ.ஜி.எம். பாசிட்டிவ் என்று வரும்போதுதான் குழப்பம். புதுத் தொற்றிலும் அது வரும். ஆனால் பழைய தொற்றுக்குப் பிறகு பல மாதம், சிலருக்கு ஓராண்டுக்கு மேலும், அது ரத்தத்தில் தங்கிவிடும். தவறாகப் பாசிட்டிவ் காட்டுவதும் உண்டு. அந்த ஒரு வரியை மட்டும் நம்பி முடிவெடுக்கக் கூடாது என்று அமெரிக்காவின் உணவு, மருந்துத் துறை 1997-லேயே மருத்துவர்களை எச்சரித்தது. அடுத்துச் செய்ய வேண்டியது, இரண்டு மூன்று வாரம் கழித்து அதே லேபில் மறுபரிசோதனை, கூடவே ஐ.ஜி.ஜி. அவிடிட்டி என்ற பரிசோதனை. அந்தப் புரதம் ஒட்டுண்ணியை எவ்வளவு இறுக்கமாகப் பிடிக்கிறது என்று அது பார்க்கும். முதல் நான்கு மாதத்துக்குள் எடுத்த ரத்தத்தில் அவிடிட்டி உயர்வாக இருந்தால் தொற்று கர்ப்பத்துக்கு முன்பே வந்தது என்று கொள்ளலாம். குறைவாக இருந்தால், அதை மட்டும் வைத்துப் புதுத் தொற்று என்று முடிவு கட்ட முடியாது.

ஒரே ஒரு ஐ.ஜி.எம். ரிப்போர்ட்டைப் பார்த்துக் கருவைக் கலைக்க முடிவெடுக்காதீர்கள். இதை எத்தனை முறை சொன்னாலும் தகும்.

எனக்கு மூன்று முறை கரு கலைந்துவிட்டது. டார்ச் டெஸ்டில் (கர்ப்பத்தைப் பாதிக்கும் சில தொற்றுகளைச் சேர்த்துப் பார்க்கும் ரத்தப் பரிசோதனை) இது பாசிட்டிவ். இதனால்தானா?

பெரும்பாலும் இதனால் இல்லை. புதுத் தொற்று ஒரு கர்ப்பத்தைப் பாதிக்கலாம். அதன் பிறகு வரும் எதிர்ப்பு அடுத்தடுத்த கர்ப்பங்களைக் காக்கும். ஆகவே திரும்பத் திரும்பக் கரு கலைவதற்குப் பழைய ஐ.ஜி.ஜி.யைக் காரணமாகச் சொல்ல முடியாது. அப்படிச் சொல்லிவிட்டால் தைராய்டு, சர்க்கரை, கருப்பையின் அமைப்பு, ரத்த உறைவுக் கோளாறு, கணவன் மனைவி இருவரின் குரோமோசோம் என்று பார்க்க வேண்டிய மற்றக் காரணங்கள் பார்க்கப்படாமலே போகும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். “உன் உடம்பில் பூனைக் கிருமி இருக்கிறது, அதனால்தான் குழந்தை தங்கவில்லை” என்ற பேச்சை ஒரு பெண் தன் புகுந்த வீட்டில் கேட்க வேண்டியதில்லை. அது அறிவியல் கணக்கிலும் தவறு. இதைப் படிக்கும் மாமியார்களும் கணவர்களும் தயவுசெய்து இதை மனதில் வையுங்கள்.

கர்ப்பத்தில் புதிதாகத் தொற்று வந்தது உறுதியாகிவிட்டது. என்ன செய்வார்கள்?

எத்தனையாவது மாதம் என்பதைப் பொறுத்தது. சிகிச்சை இல்லாவிட்டால், முதல் மூன்று மாதத்தில் வந்த தொற்று குழந்தைக்குப் போவது நூற்றில் சுமார் 10 முதல் 15 கர்ப்பங்களில்தான். கடைசி மூன்று மாதத்தில் அது 60-ஐத் தாண்டும். பாதிப்பின் கடுமை நேர் எதிர்: சீக்கிரம் போனால் கடுமை அதிகம், கடைசியில் போனால் பிறக்கும்போது பெரும்பாலும் ஒன்றும் தெரியாது.

18 வாரத்துக்கு முன் வந்த தொற்றுக்கு ஸ்பைராமைசின் கொடுப்பார்கள். அது நஞ்சுக்கொடியில் சேர்ந்து ஒட்டுண்ணி குழந்தைக்குள் போவதைத் தடுக்க முயலும். 18 வாரத்துக்குப் பிறகு பனிக்குட நீரை எடுத்து, அதில் ஒட்டுண்ணியின் மரபணு இருக்கிறதா என்று தேடும் பி.சி.ஆர். பரிசோதனை செய்யலாம். குழந்தைக்குத் தொற்று உறுதியானால் பைரிமெத்தமின், சல்ஃபாடயசின், கூடவே ஃபோலினிக் அமிலம். பைரிமெத்தமினை முதல் மூன்று மாதத்தில் கொடுப்பதில்லை. மாதா மாதம் ஸ்கேனில் குழந்தையின் தலையில் நீர் கோக்கிறதா என்று பார்ப்பார்கள். புதுத் தொற்று வந்தது என்பதாலேயே குழந்தை ஊனமாகப் பிறக்கும் என்று பொருளில்லை. சிகிச்சை எடுத்தவர்களில் மிகப் பலர் நல்ல குழந்தை பெறுகிறார்கள்.

கர்ப்பமாகும் முன்பே புதுத் தொற்று என்று தெரிந்தால், ஆறு மாதம் தள்ளிப் போடச் சொல்வது வழக்கம்.

குழந்தை பிறந்ததும் நன்றாகத்தான் இருக்கிறது. பிறகும் பார்க்க வேண்டுமா?

கட்டாயம். கடுமையாகப் பாதித்த குழந்தைக்குத் தலையில் நீர், மூளையில் சுண்ணாம்புப் படிவு, விழித்திரையில் தழும்பு என்ற மூன்றும் சேர்ந்து வரலாம். ஆனால் தொற்றோடு பிறக்கும் பெரும்பாலான குழந்தைகள் பார்க்க ஆரோக்கியமாகவே இருக்கும், கண் பிரச்சினை பல ஆண்டு கழித்துத் தலைகாட்டும். தொற்று உறுதியான குழந்தைக்கு ஓராண்டு வரை மருந்து கொடுப்பார்கள். கண் பரிசோதனையை அதற்குப் பிறகும் விடக்கூடாது. தாய்ப்பால் தாராளமாகக் கொடுக்கலாம்.

கண்ணில் வந்தால் எப்படித் தெரியும்?

ஒரு கண்ணில் பார்வை மங்கும், கறுப்புப் புள்ளிகள் மிதக்கும், வெளிச்சம் கூசும். வலையில் வேலை செய்பவர்கள் “வெயில் பட்டுக் கூசுகிறது” என்று சொட்டு மருந்து வாங்கிப் போட்டுக்கொண்டு நாளைக் கடத்திவிடுகிறார்கள். ஒரு கண் மட்டும் மங்கினால் கடைச் சொட்டு மருந்தோடு நிறுத்தாமல் விழித்திரையைப் பார்க்கும் மருத்துவரிடம் போங்கள். மருந்தும் தேவைப்பட்டால் ஸ்டீராய்டும் சேர்த்துக் கொடுப்பார்கள். ஒட்டுண்ணிக்கான மருந்து இல்லாமல் ஸ்டீராய்டு மட்டும் போட்டால் கண் கெட்டுவிடும். பழைய தழும்பின் ஓரத்தில் மறுபடி மறுபடி வரும் சுபாவம் இதற்கு உண்டு. ஒருமுறை வந்தவர் சிறு மங்கலையும் அலட்சியம் செய்யக் கூடாது.

எச்.ஐ.வி. இருப்பவர்களுக்கு ஏன் இவ்வளவு எச்சரிக்கை?

சி.டி.4 எண்ணிக்கை, அதாவது ரத்தத்தில் உள்ள ஒருவகை எதிர்ப்பு செல்களின் எண்ணிக்கை, 100-க்குக் கீழே போகும்போது, மூளையில் தூங்கிக் கிடந்த கூடுகள் விழித்துக்கொள்ளும். தலைவலி, காய்ச்சல், குழப்பமான பேச்சு, வலிப்பு, ஒரு பக்கக் கை கால் தளர்ச்சி. இதைப் “பக்கவாதம்” என்றோ “காத்துக் கருப்பு” என்றோ நினைத்து இரண்டு நாள் போனால் உயிருக்கே ஆபத்து. ஸ்கேனில் மோதிரம் போன்ற வளையங்கள் தெரியும். மூளைக் காசநோயும் இதே மாதிரி தெரியும் என்பதால், சிகிச்சையைத் தொடங்கி இரண்டு வாரத்துக்குள் மறு ஸ்கேன் எடுத்து முன்னேற்றத்தைப் பார்ப்பார்கள். சிகிச்சை குறைந்தது ஆறு வாரம், பிறகு குறைந்த அளவில் தொடர்ச்சி.

இதை வராமலே தடுக்க முடியும். எச்.ஐ.வி.யை அடக்கும் ஏ.ஆர்.டி. மாத்திரையை விடாமல் எடுப்பதும், ஏ.ஆர்.டி. மையத்தில் கொடுக்கும் கோட்ரைமாக்ஸசோல் மாத்திரையை நிறுத்தாமல் இருப்பதும்தான் வழி. கடலுக்குப் பல நாள் தங்கல் போகும்போது மாத்திரையையும் கையோடு கொண்டுபோங்கள்.

மருந்து இதை முழுதாக ஒழித்துவிடுமா?

பெருகிக்கொண்டிருக்கும் ஒட்டுண்ணியைக் கொல்லும். தூங்கும் கூடுகளை ஒழிக்கும் மருந்து இன்று இல்லை, மனிதருக்குத் தடுப்பூசியும் இல்லை. ஆரோக்கியமான ஆளுக்குப் பொதுவாகச் சிகிச்சையே தேவையில்லை. சல்ஃபா மருந்து ஒவ்வாமை உள்ளவர்கள் முன்பே சொல்லிவிடுங்கள், கிளிண்டமைசின் போன்ற மாற்று உண்டு. சல்ஃபாடயசின் எடுக்கும்போது தண்ணீர் நிறையக் குடியுங்கள், இல்லாவிட்டால் சிறுநீரகத்தில் கல் சேரும். பைரிமெத்தமினோடு கொடுக்கும் ஃபோலினிக் அமிலமும், கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கும் ஃபோலிக் அமில மாத்திரையும் வேறு வேறு. ஒன்றுக்குப் பதில் இன்னொன்றை எடுக்காதீர்கள்.

கிடை ஆடுகள் வரிசையாகக் குட்டியை வீசுகின்றன. இதுவா?

இருக்கலாம். ஆடுகளில் கரு வீசுவதற்கு டாக்ஸோபிளாஸ்மா ஒரு முக்கியக் காரணம். தீவனத்தில் பூனை கழிப்பதால் வரும். புரூசெல்லோசிஸும் இதே மாதிரி கரு வீச வைக்கும், அதுவும் மனிதருக்கு வரும். எந்த நோய் என்று பார்த்துச் சொல்ல கால்நடை மருத்துவரால்தான் முடியும். வீசிய குட்டியையும் நஞ்சுக்கொடியையும் வெறுங்கையால் எடுக்காமல் பிளாஸ்டிக் பையைக் கையில் மாட்டி எடுத்து, நாய் தோண்டாத ஆழத்தில் புதையுங்கள். கர்ப்பிணிகள் ஆட்டுப் பிரசவத்துக்கு உதவப் போக வேண்டாம். ஆட்டுப்பாலைக் காய்ச்சாமல் யாரும் குடிக்க வேண்டாம். தீவனப் பட்டறையை மூடி வையுங்கள்.

எங்கே போய்க் கேட்பது?

கர்ப்பிணிகள் முதலில் கிராம சுகாதாரச் செவிலியரிடமும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் கேளுங்கள். அவிடிட்டி, பனிக்குட நீர்ப் பரிசோதனை போன்றவை தேவைப்பட்டால் ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ மதுரையிலோ வழிகாட்டுவார்கள். போகும்போது பழைய ரிப்போர்ட்டுகள் எல்லாவற்றையும் தேதி வரிசைப்படி கொண்டுபோங்கள். போன கர்ப்பத்தில் எடுத்த ஐ.ஜி.ஜி. பாசிட்டிவ் ரிப்போர்ட் ஒன்று கிடைத்தால், இப்போதைய தொற்று பழையதா புதியதா என்ற கேள்வி அங்கேயே தீர்ந்துவிடும். சந்தேகம் கேட்க 104, எச்.ஐ.வி. தொடர்பாக 1097. வலிப்பு, குழப்பமான பேச்சு, ஒரு பக்கத் தளர்ச்சி என்றால் யாரிடமும் கேட்டுக்கொண்டிருக்காமல் 108-ஐ அழையுங்கள்.